மூலையில் நின்ற மணல்

சங்ககிரிக்கு மேற்கே, நெடுஞ்சாலையை ஒட்டி, வண்டிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்று இருந்தது. அதன் மேஸ்திரி நாச்சிமுத்து. வயது முப்பத்தாறு. அவரிடம் வேலை கற்றுக்கொண்டவள் வஞ்சியம்மாள். வயது நாற்பத்து மூன்று.

கற்பவள் மூத்தவள், கற்பிப்பவர் இளையவர் என்பதில் இருவருக்கும் சங்கடம் இருக்கவில்லை. அவர் அவளை வஞ்சியக்கா என்று அழைத்தார். அவள் அவரை மேஸ்திரி என்று அழைத்தாள்.

அதற்கு முன் பத்தொன்பது ஆண்டுகள் அவள் தலையில் மணல் சுமந்தவள். லோகநாதன் என்பவருடைய பிக்கப் வண்டியில், மணலின் மேலேயே அமர்ந்து போவாள். லாரி நுழைய முடியாத சந்துகளில் வீடு கட்டுகிறவர்களுக்கு அதைச் சட்டி சட்டியாக இறக்கிவிட்டு வருவாள். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனி ஒரு குடத்தைக்கூடத் தலையில் வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகே பட்டறைக்கு வந்தாள்.

அவளோடு சுமந்த அக்காள் பாவாயி அந்த வண்டியிலேயே இருந்தாள். பாவாயிக்குக் கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அந்த வேலையைத் தவிர வேறு வேலை தெரியாது. அக்காள் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்.

முதல் ஆண்டு முழுவதும் மேஸ்திரி வஞ்சியம்மாளுக்கு அளக்க மட்டுமே கற்றுக்கொடுத்தார். எப்போது வெட்டவிடுவீர்கள் என்று அவள் ஒருநாள் கேட்டாள். இரும்பு தலைமுடியில்லீங்க, வெட்டினா வளராது என்றார். இரண்டாம் ஆண்டில் வெட்டினாள். மூன்றாம் ஆண்டில் இரும்போடு இரும்பைப் பற்றவைத்தாள்.

அந்த மூன்றாம் ஆண்டின் தை மாதத்தில் லோகநாதன் தம் பிக்கப்பைப் பட்டறைக்கு ஓட்டிவந்தார். அதை டிப்பராக மாற்ற வேண்டும் என்றார். மணலை ஏற்றுவதற்குப் பொக்லைன் பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறது, இறக்குவதற்கு ஆட்கள் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்கள், மூன்று நடையிலேயே பொழுது போய்விடுகிறது என்று வருத்தப்பட்டார். ஒரு பொத்தானை அழுத்தினால் பாடி தூக்க வேண்டும், மணல் சரிய வேண்டும், வண்டி கிளம்ப வேண்டும். அவர் கொடியவர் அல்லர். அவசரக்காரர், அவ்வளவே.

போகும்போது வஞ்சியம்மாளைப் பார்த்தார்.

"என்ன வஞ்சி, சட்டி தூக்கினவ இப்ப வண்டியவே தூக்கப் போறியா?"

"சாவியை வெச்சுட்டுப் போங்க. தூக்கிக் காட்டறேன்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவள் சிரிக்கவில்லை. வண்டியின் பக்கத் தகட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மேஸ்திரி, இதை நாம செய்யோணுமுங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"வண்டி தானா மணலைக் கொட்டிடுச்சுன்னா, எங்கக்கா எதுக்குங்க?"

 நாச்சிமுத்து மேசையின்மேல் இருந்த சாவியை எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தார்.

"வேண்டாம்னா லோகநாதன்கிட்டத் திருப்பிக் குடுத்துடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"திருப்பிக் குடுத்தா அடுத்த பட்டறைக்குப் போயிடுவாருங்க."

"போவாரு."

"அப்பத் திருப்பிக் குடுத்து என்னங்க பிரயோசனம்?"

"செய்யறதுன்னா முழுசாச் செய்யுங்க. இல்லேன்னா திருப்பிக் குடுங்க. மூணாவதா ஒண்ணு எனக்குத் தெரியல."

வஞ்சியம்மாளுக்கு மூன்றாவதாக ஒன்று தெரிந்திருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

வேலை பதினொரு நாள் நடந்தது. பழைய பாடியைக் கழற்றினார்கள். வண்டியின் அடிச்சட்டமான சேஸ்மீது இரண்டு இரும்புச் சட்டங்களைக் கிடத்தி, போல்ட் போட்டு இறுக்கினார்கள். சேஸில் தீ படக் கூடாது என்பது மேஸ்திரியின் விதி. சூடு பட்ட சேஸ் ஒருநாள் பாரத்தோடு விரிசல் விட்டுவிடும் என்பார். சட்டங்களின் பின்முனையில் கீல்கள் வைத்தார்கள். புதிய பாடி அந்தக் கீல்களின்மேல் கதவைப் போலத் திறந்து எழும். அதை எழுப்புவது, எண்ணெய் அழுத்தத்தால் நீளும் ஒரு சிலிண்டர்.

அந்தச் சிலிண்டரின் மேல்முனை பாடியின் அடியில் எங்கே பிடிக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். கீலுக்கு அருகில் பிடித்தால் பாடி அதிகம் சாயும். முன்னால் தள்ளிப் பிடித்தால் குறைவாகச் சாயும். மணல் முழுவதும் வழிய ஐம்பது டிகிரி வேண்டும். நாச்சிமுத்து கணக்குப் போட்டு, சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். பிறகு எண்ணெய்க் குழாய் வாங்கச் சேலத்துக்குப் போனார்.

அவர் திரும்புவதற்குள் வஞ்சியம்மாள் அந்தக் கோட்டை அழித்தாள். ஒரு சாணும் நான்கு விரலும் முன்னால் தள்ளி வேறொரு கோடு போட்டு, அங்கே சிலிண்டரின் பிடிமானத்தைப் பற்றவைத்தாள். பற்றவைப்பில் ஒரு குறையும் இல்லை. அவள் அதுவரை பற்றவைத்தவற்றுள் அதுவே மிக நேர்த்தியானது.

அவளும் கணக்குப் போட்டிருந்தாள். அந்த இடத்தில் பிடித்தால் முப்பத்தைந்து டிகிரிதான் சாயும். நான்கில் மூன்று பங்கு மணல் வழிந்துவிடும். ஒரு பங்கு முன்மூலையில் நிற்கும். அதைத் தள்ளுவதற்கு மண்வெட்டியோடு ஓர் ஆள் வேண்டும். அந்த ஒரு பங்கு மணல் பாவாயிக்கு.

பாடியை இறக்கியபின், பாவாயி உள்ளே ஏறி, நிதானமாக மிச்சத்தை வாரித் தள்ளுவாள் என்று வஞ்சியம்மாள் எண்ணினாள். வேறு விதமாக எண்ண அவளுக்குத் தெரியவில்லை. பத்தொன்பது ஆண்டுகளும் அவள் நின்றது சமதளமான பாடியில்.

வெள்ளோட்டத்துக்கு லோகநாதன் ஈர மணல் ஏற்றிவந்தார். பொத்தானை அழுத்தினார். பாடி எழுந்தது. மணல் சரிந்து விழுந்தது. பிறகு நின்றது. முன்மூலையில் ஒரு குவியல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

லோகநாதன் தலையைச் சொறிந்தார்.

நாச்சிமுத்து குனிந்து பாடியின் அடியைப் பார்த்தார். நிமிர்ந்து வஞ்சியம்மாளைப் பார்த்தார்.

"இவ்வளவுதான் ஏறுமா?"

"இவ்வளவுதானுங்க. முன்னால பிடிச்சா சிலிண்டருக்குப் பாரம் கொறையுதுங்க."

அது உண்மை. பாரம் குறையத்தான் செய்யும். மேஸ்திரி மேலும் எதுவும் கேட்கவில்லை. பாடியின் இரு பக்கமும் சிவப்பு வண்ணத்தில் ஒரு வரி எழுதச் சொன்னார்: பாடி தூக்கியிருக்கும்போது ஏறாதே. மிச்ச மணலை என்ன செய்வது என்று லோகநாதன் கேட்டார். இறக்கிவிட்டு ஆள் வைத்துத் தள்ளுங்கள் என்றார் மேஸ்திரி. அதற்கொரு ஆள் போதும் என்று லோகநாதன் தம்மைத் தேற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

இருவர் பார்த்த வேலைக்கு ஒருத்தி போதுமென்று ஆயிற்று. பாவாயி வேலையில் நீடித்தாள். அவளோடு சுமந்த மற்றொருத்தி மறுநாளே அனுப்பப்பட்டாள். அவள் பெயர் இராசம்மாள். அவளைப் பற்றி வஞ்சியம்மாள் கணக்குப் போட்டிருக்கவில்லை.

சில வாரங்கள் சென்றன. ஒருநாள் உணவு இடைவேளையில் வஞ்சியம்மாள் மேஸ்திரியிடம் பொதுவாகக் கேட்பதுபோல ஒன்று கேட்டாள்.

"ஒரு வேலையில கொஞ்சம் கொறை வெச்சா, அதனால ஒருத்தருக்கு நல்லது நடக்குதுன்னு வெச்சுக்கங்க. அதைக் கொறைன்னு சொல்லலாமுங்களா?"

நாச்சிமுத்து சோற்றுப் பாத்திரத்தை மூடிவைத்தார். ஒரு கதை சொன்னார்.

ஓர் ஊரில் ஒருவர் கிணற்றுக்குப் படி கட்டினார். கீழே போகப் போக அவருக்கு ஒரு பயம் வந்தது. குழந்தைகள் இறங்கினால் என்ன ஆவது? ஆகவே கடைசிப் படியை மட்டும் கட்டாமல் விட்டார். தண்ணீருக்கும் படிக்கும் இடையே ஒரு முழம் இருந்தது.

"அப்புறமுங்க?"

"குழந்தைக யாரும் எறங்கல."

"நல்லதுதானுங்களே."

"தண்ணி எடுக்கறவங்க குனிஞ்சு எடுத்தாங்க. கோடையில தண்ணி கீழ போச்சு. இன்னுங் கொஞ்சம் குனிஞ்சாங்க."

அவள் காத்திருந்தாள். கதை அதற்குமேல் போகவில்லை.

"அவரு நல்ல எண்ணத்துலதானுங்க விட்டாரு?"

"ஆமா. நல்ல எண்ணந்தான்" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவ எழுந்தார்.

வஞ்சியம்மாள் அன்று பிற்பகல் வேலையில் இரண்டு முறை தவறாக அளந்தாள். ஆயினும் மாலையில் வீட்டுக்குப் போனபோது சுவருக்கு அந்தப் பக்கம் பாவாயி பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. வேலைக்குப் போய்வந்தவளின் சத்தம் அது. அவள் மனம் ஆறிவிட்டது.

ஐப்பசியில் மழை பிடித்தது. மணல் எந்நேரமும் ஈரமாகவே வந்தது. மூலையில் நிற்பது ஒரு பங்கிலிருந்து ஒன்றரைப் பங்காயிற்று. பாடியை இறக்கி, ஆளை ஏற்றி, மீண்டும் தூக்கி, மீண்டும் இறக்குவதற்கு லோகநாதனுக்குப் பொறுமை இல்லை. தூக்கியபடியே இருக்கட்டும், ஒரு தட்டுத் தட்டிவிடு, மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று பாவாயியிடம் ஒருநாள் சொன்னார். அவள் சிவப்பு எழுத்துகளின்மேல் கால் வைத்து ஏறினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஏறியிருப்பாள்.

அப்படிப் பல நாள் ஏறினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை முற்பகலில் அந்த மணல் மொத்தமும் ஒரே பாளமாகப் பெயர்ந்தது. சாய்ந்த தகட்டில் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. மணலுக்கு வழிவிட்டுத் திறந்த பின்கதவு, மணல் விழுந்ததும் திரும்பி மூடியது. வலது கால் அதனிடையே இருந்தது.

பெரிய மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வஞ்சியம்மாள் ஆறு நாள் அக்காளின் அருகில் இருந்தாள். ஆறாம் நாள் பாவாயி தெளிவாகப் பேசினாள். லோகநாதனை அவள் குறை சொல்லவில்லை. தன் கால் வழுக்கியதைச் சொன்னாள், மழையைச் சொன்னாள். பிறகு தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மூலையில மணல் நிக்கலேன்னா, அன்னைக்கே என்னைப் போகச் சொல்லியிருப்பாரு புள்ள. சாமிதான் எனக்குன்னு கொஞ்சத்தை அங்க நிறுத்தி வெச்சுது. ஒம்பது மாசம் அதுதான் சோறு போட்டுது."

வஞ்சியம்மாள் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். 

அங்கிருந்து நேரே பட்டறைக்கு வந்தாள்.

"மேஸ்திரி, அந்த வண்டியில கோணத்தைக் கொறைச்சது நானுங்க."

"தெரியும்."

"எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"மணல் நின்னப்பவே."



"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

நாச்சிமுத்து கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"உங்கக்காவுக்குன்னு புரிஞ்சுது. எழுதி வெச்சாப் போதும்னு நெனச்சேன். எனக்கும் நல்ல எண்ணந்தான்."

 அன்று இருவரும் இரண்டு சட்டங்களைத் தேய்த்து வழுவழுப்பாக்கினார்கள். தேய்க்க வேண்டிய அளவுக்கு மேலும் தேய்த்தார்கள்.

கார்த்திகை பிறந்ததும் லோகநாதன் வந்தார். பாவாயியைப் பார்க்க இரண்டு முறை பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தார். அவருடைய முகம் இளைத்திருந்தது. இனி அப்படி நடக்கக் கூடாது என்றார். பாடியின் உள்ளே கால் ஊன்றுவதற்கு மூன்று படிகளும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வைத்துத் தர வேண்டும் என்று கேட்டார்.

வண்டியின் முன்னிருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் பூங்கொடி. முப்பது வயது இருக்கும். மடியின் குறுக்கே மண்வெட்டியை வைத்திருந்தாள்.

படியெல்லாம் வேண்டாம், பிடிமானத்தைப் பின்னால் மாற்றி ஐம்பது டிகிரிக்கு ஏற்றிவிடுகிறேன், ஒரு பிடி மணல்கூட நிற்காது என்றாள் வஞ்சியம்மாள். கூலி வேண்டாம் என்றும் சொன்னாள்.

லோகநாதனுக்கு மகிழ்ச்சி.

"இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே வஞ்சி. அப்ப ஆளே தேவைப்படாது."

அவர் அதை மெல்லச் சொல்லவில்லை. மெல்லச் சொல்ல வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை. தேநீர் குடிக்கச் சாலையின் எதிர்ப்புறம் போனார்.

பூங்கொடி வண்டியிலிருந்து இறங்கினாள். மண்வெட்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வஞ்சியம்மாளிடம் வந்தாள்.

"அக்கா, படி மட்டும் வெச்சுக் குடுங்க. பாடியை இன்னும் மேல ஏத்தாதீங்க."

"அது ஆபத்து, கண்ணு."

"எனக்கு இதுக்கு முன்னாடி நாலு மாசம் வேலையில்லீங்க. நான் பாத்து நின்னுக்குவேன். கம்பி இருக்குமில்லீங்க?"

"இருக்கும்."

"அது போதுங்க."

அவள் திரும்பிப் போய் வண்டியின் நிழலில் தரையில் உட்கார்ந்தாள்.

வஞ்சியம்மாள் உள்ளே வந்தாள். நாச்சிமுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"நான் எதைச் செய்யட்டுமுங்க மேஸ்திரி?"

"அன்னைக்கு இதை யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

"யாரையுங் கேக்கலீங்க."

"பாவாயியை?"

"கேக்கலீங்க. கேட்டாச் சங்கடப்படுமேன்னு இருந்துட்டேன்."

மேஸ்திரி கைத்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"அந்தப் புள்ளைகிட்டப் போங்க. பாவாயி கால் எப்படிப் போச்சுன்னு சொல்லுங்க. யாரால போச்சுன்னும் சொல்லுங்க. நான் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்ததையும் சேத்துச் சொல்லுங்க. அப்புறம் கேளுங்க. அது என்ன சொல்லுதோ அதைச் செய்வோம்."

அவள் இரண்டடி நடந்தாள். நின்றாள்.

"அத்தனையுங் கேட்டுட்டு, படியே போதும்னு சொன்னா?"

நாச்சிமுத்து வண்டியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"அப்படித்தான் சொல்லும். நின்னு கேட்டுட்டு வாங்க."